மேஜைக்கு அடியில் எஃப்எம்

சதுரங்கப்பட்டினத்தில் கடல்கூடச் சில நாள் அடங்கிக் கிடக்கும். எஃப்எம் அடங்கி யாரும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். வாயைத் திறந்தால் விளம்பர இடைவேளைகூட விடமாட்டார் என்பதால் ஊரே அவரை எஃப்எம் என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு என் மகள் கவிதாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்தது. ஏழெட்டு கம்பெனி கைவிரித்த பிறகு வந்த வாய்ப்பு. "இதுவும் பூட்ச்சின்னா அவ்ளோதாம்ப்பா" என்று சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். செல்போன் கூடாது, கம்ப்யூட்டரில்தான் பேச வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பெட்டியோ அன்று காலை பார்த்து மக்கர் செய்தது. ஸ்விட்சைப் போட்டால் லோகோ தெரியும், பொசுக்கென்று அணையும். மறுபடி போட்டால் மறுபடி பொசுக்.

பதினொரு மணிக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு வந்த எஃப்எம், ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மீன் வண்டி இன்னும் வர்ல? வஞ்சிரம் விக்கிற வெல தெரியுமா?"

"அண்ணாத்த, மொதல்ல பொட்டியப் பாரு!"

"பாத்துகினுதானே கீறேன்? கை அங்க, வாயி இங்க" என்றவர், தன் மச்சான் கல்யாணத்தில் ரசம் தீர்ந்துபோன கதையை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு கிளைக்கதை. எனக்கு ரத்தம் கொதித்தது.

மூடியைக் கழற்றியதும்தான் கதை நின்றது. பூஜைக்கு என் மனைவி பக்தியோடு சுற்றிய சாமந்திச் சரம், ஓட்டை வழியாக உள்ளே போய் ஃபேனில் சிக்கி, றெக்கையை முறித்திருந்தது.

"காத்து இல்லாம சூடேறி அணைஞ்சிடுது சார். புது ஃபேனுக்கு செங்கல்பட்டு போவணும்."

"மணி பத்தே முக்காலுய்யா!"

"டேபிள் ஃபேன் கீதா? அத வெச்சி ஓட்டிடலாம்."

"போன மாசம் நீதானே அத ரிப்பேரு பண்ண? அதோட அது சுத்தறதே இல்ல."

எஃப்எம் தொண்டையைச் செருமினார். "சரி, அந்த காலண்டர் அட்டைய குடு."

மேஜைக்கு அடியில் புகுந்து சம்மணம் போட்டு, திறந்த பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. மேஜை முன் கவிதா உட்கார, இன்டர்வியூ தொடங்கியது. நடுவில் இந்த மனுஷன் வஞ்சிரம் விலையைத் தொடங்கிவிட்டால் என் பெண்ணின் கதி?

முக்கால் மணி நேரம். கை மாற்றி மாற்றி விசிறினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வந்த தும்மலைக்கூட மூக்கைப் பிடித்து விழுங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் முடிந்ததும் கால் மரத்துப்போய்த் தவழ்ந்து வெளியே வந்தார்.

"பாப்பா, நீ பேசுன இங்கிலீசு ஒண்ணியும் புரியல. ஆனா நடுவுல சிரிச்ச பாரு, அப்பவே வேல கெடச்சிடுச்சி." பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க வுட்டேன்? ஆங், ரசம் தீந்துபோச்சா..."

கவிதாவுக்கு அந்த வேலை கிடைத்தது. எஃப்எம் வருகிறார் என்றால் இப்போதும் எங்கள் தெருவில் கதவைச் சாத்துகிறார்கள். நான் நாற்காலியை எடுத்துப் போட்டு, "அந்த ரசம் கதைய சொல்லு அண்ணாத்த" என்கிறேன்.