மாமாவுக்குப் பிடித்த ஊசி

"கரகரன்னு இருக்கு மாப்ள," என்றார் மாமனார்.

பல் டாக்டர் இசைத்தட்டின் மேலிருந்து கருவியின் கையைத் தூக்கினார். அதன் நுனியில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் முந்தின நாள்தான் புதிதாக மாட்டியது. வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை நீட்டி, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல ஊசியைப் பார்த்தார். சொத்தை ஒன்றுமில்லை.

"நல்லாத்தானே இருக்கு மாமா?"

"என்னமோ. மூத்தவ வீட்ல பாட்டு தேனா ஒழுகும். அடுத்த மாசம் அங்கயே போயிடலாமான்னு பாக்கறேன்."

டாக்டருக்குத் திக்கென்றது. சகலையிடம் தோற்பதுகூடப் பரவாயில்லை. அப்பா வந்து தங்கியதிலிருந்து மனைவி அடுப்படியில் பாட்டு முணுமுணுக்கிறாள். அவர் கிளம்பிவிட்டால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். 'கடவுளே, தைக்க வேண்டிய ஊசி கிழிக்கலாமா?'

மறுநாள் கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்தார். "பாடறவங்க மூச்சைக்கூட விடாது டாக்டர்."

விடவுமில்லை. மூச்சு, செருமல், யாரோ நாற்காலியை இழுத்தது, எல்லாம் கேட்டது.

"சவசவன்னு இருக்கு மாப்ள."

டாக்டர் தரையில் சம்மணமிட்டு ஊசியின் எடையைக் கூட்டினார், தட்டை உழுதது. குறைத்தார், முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குத் தாவியது. அவர் திருகிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும், ரயில்வே கார்டாக இருந்த மாமனார் தாம் பச்சைக்கொடி காட்டிய கதைகளை அவர் முகத்தைப் பார்த்தபடியே சொல்லித் தீர்த்தார்.

மூன்றாவது கார்ட்ரிட்ஜ் மகா நாசூக்கு. அதன் சத்தத்தைத் தூக்கிவிடவே தனியாக ஒரு பெட்டி வேண்டுமாம். மாட்டியதும் வீடே தேனீக்கூடு போல ரீங்கரித்தது. மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க இது, மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?"

மாமனார் மட்டும் தலையாட்டினார். "இப்பத்தான் கொஞ்சம் தெளிவா இருக்கு."

"கிண்டல் பண்றீங்களா மாமா?"

"சேச்சே! ஆனா இப்படியே விட்றாதீங்க. இன்னும் பாக்கணும்."

அந்த ரீங்காரம் டாக்டரோடு கிளினிக்குக்கும் வந்தது. வலது பல் வலியோடு வந்த எலக்ட்ரீஷியனுக்கு இடது கன்னத்தில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். பதறிப்போய்க் காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"விடுங்க டாக்டர், ரெண்டும் என் கன்னம்தானே," என்றார் அந்த நல்ல மனிதர், பாதி வாயால். "எர்த் ஒயரை மாட்டினீங்களா?"

மாட்டவில்லை. அன்று சாயங்காலம் மாட்டினார். ரீங்காரம் அடங்கியது. பாட்டு பளிங்குத் தண்ணீராக ஓடியது. அடுப்படி வாசலில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி மாமா?"

"ம்ஹூம். ஏதோ குறையுது மாப்ள. நாளைக்கும் உக்காந்து பாருங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது வாசல் மணி அடித்தது. கையில் சின்னப் பெட்டியோடு ஒரு பெண் நின்றாள்.

"காது டாக்டர்கிட்டேருந்து வர்றேன் சார். பெரியவரோட காது மிஷின். போன மாசம் ரிப்பேருக்குக் குடுத்தது."

"காது மிஷினா? அவருக்கா? நல்லாத்தானே பேசிட்டிருக்கார்!"

"வாயசைவைப் பாத்தே பேசிடுவாரு சார். வெளியில சொல்ல வெக்கம். இது இல்லாட்டி பக்கத்துல வேட்டு வெச்சாலும் கேக்காது."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பாட்டு எப்போதோ முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மாமனார் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்து, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் இத்தனை நாளா வந்து வாங்கிக்கல?"

"மூணு தடவை ஆள் விட்டோம் சார். 'பாட்டு சரியாயிட்டா மாப்ள பக்கத்துலேருந்து எந்திரிச்சுப் போயிடுவாரு, மிஷின் இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்'னு திருப்பி அனுப்பிட்டாரு."