டாக்டரும் நாலு மூட்டை மல்லாட்டையும்

இனிமேல் தன் வீட்டு வாசற்படியைக் காதல் கதைப் புத்தகம் ஒன்றுகூட மிதிக்கக் கூடாது என்று சின்னப்பராஜ் சபதம் போட்டது ஒரு திங்கட்கிழமை. அந்தச் சபதம் புதன்கிழமை வரைக்கும் உயிரோடு இருந்தது.

ஆள் நல்லவர்தான். திண்டிவனத்துக்கு மேற்கே மூணு ஏக்கர் மானாவாரி நிலம். நல்ல மழை பெய்து மண் பதமாய்க் கிடந்தது. வீட்டில் நாலு மூட்டை விதை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மிஷினில் கொடுத்து உடைத்தால் பருப்பின் தோல் கீறிப்போகும், முளைக்காது. கையால்தான் உரிக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் வாயில் மண்தான்.

தெருப் பெண்கள் எட்டுப் பேர் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் அவர் மனைவி லூர்துசெல்வி ஒரு மாத நாவலை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். கையகலப் புத்தகம். வளவனூரிலிருந்து அவளுடைய அக்கா யாரிடமோ கொடுத்தனுப்பியது.

கதையில் ஒரு டாக்டர், ஒரு ஏழைப் பெண். அவளுக்குக் காய்ச்சல். டாக்டர் அவள் கையைப் பிடித்தார். உரித்துக்கொண்டிருந்த அத்தனை கையும் நின்றுபோயிற்று.

“இன்னாம்மா, கை நிக்குது?” என்றார் சின்னப்பராஜ்.

“உஸ்ஸு! சும்மா இருண்ணே. நாடி பாக்குறாரு,” என்றாள் சவுரியம்மாள்.

“நாடி பாக்க இவ்ளோ நேரமா?”

“அவரு பெரிய டாக்டருண்ணே. பொறுமையாத்தான் பாப்பாரு.”

பக்கத்து வீட்டு அம்மணி பெருமூச்சு விட்டாள். “ஏக்கா, அண்ணன் உன்ன ஒரு நாளாவது இப்பிடி உத்துப் பாத்திருக்காரா?”

“ஏன், பாப்பாரே. கொழம்புல உப்பு கம்மின்னா அப்பிடித்தான் பாப்பாரு,” என்றாள் லூர்துசெல்வி.

தெருவே அதிரச் சிரித்தார்கள். சின்னப்பராஜுக்குக் காது மடல் சுட்டது. புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டு போண்டாக் கடையில் கொடுத்தார். டாக்டர் பக்கம் பக்கமாய்க் கிழிபட்டு, எண்ணெய் குடித்து, ஊர் ஊராய்ப் பிரிந்து போனதைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினார்.

மறுநாள் அவரே உட்கார்ந்து ஒரு புனிதரின் வரலாற்றைப் படித்தார். கதையில் வரும் சிங்கம் வாயைத் திறப்பதற்குள் உரிக்க வந்தவர்களில் பொன்னி குறட்டை விட்டாள். ஒருத்திக்குப் பல்வலி வந்தது. ஒருத்திக்கு விருந்தாளி வந்தார்கள். மத்தியானத்துக்குள் முறங்கள் மட்டும்தான் மிச்சம்.

புதன்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. நிலத்தைப் போய் மிதித்துப் பார்த்தார்; மேல்மண் காய ஆரம்பித்திருந்தது. வீடு வீடாய்ப் போய் நின்றார்.

“ஈரம் காயுதும்மா. ஜல்தியா வாங்கம்மா.”

“அந்தப் பொண்ண டாக்டரு கட்டிக்கினாரா இல்லியா? அத்தச் சொல்லு, வர்றோம்,” என்றாள் சவுரியம்மாள்.

விழுந்தடித்துப் போண்டாக் கடைக்கு ஓடினார். அட்டை மட்டும்தான் கிடைத்தது. அதை மனைவியிடம் நீட்டினார்.

“செல்வி, மிச்சக் கதை தெரியுமாடி உனக்கு?”

“கடைசிப் பக்கத்த மொதல்லயே படிச்சிட்டேன். தாலி கட்டுறாரு. முடிஞ்சிபோச்சி.”

“அவ்ளோதானா? அது அரை முறத்துக்குக்கூட வராதே!”

“சோறு வேவறதுக்குள்ள படிச்சி முடிக்கிற கதைங்க அது. குத்தம் சொல்லக்கூடாது, படிக்கிற வரைக்கும் இடுப்பு வலி தெரியாது. ஆனா தாலி கட்டுன எடத்துல அப்பிடியே வுட்டுட்டுப் போயிடுவாங்க. நமக்கு அதுக்கப்புறந்தான கதையே? நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க. நான் பாத்துக்குறேன்.”

பெண்கள் வந்தார்கள். முதல் பிடி உரிக்கும்போதே டாக்டருக்குக் கல்யாணம் முடிந்தது. அதற்கப்புறம் லூர்துசெல்வி சொந்தமாய்ச் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் ஈரத்துண்டை மெத்தைமேல் போட்டார். மாமியார் அரிசிப் பானையை எட்டிப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. இந்தக் கதையில் யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. அதனால் உரிக்கிற கையும் நிற்கவில்லை. ஒரு மூட்டை தீர்வதற்குள் டாக்டர் சுடுதண்ணி போடக் கற்றுக்கொண்டார். இரண்டாவது மூட்டையில் துண்டைக் கொடியில் உலர்த்தினார்.

மாட்டுக்கொட்டகையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த சின்னப்பராஜ், தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வந்தார். அப்படியே உட்கார்ந்தார். தானும் ஒரு முறத்தை இழுத்துக்கொண்டார்.

கடைசி மூட்டை. லூர்துசெல்வியின் குரல் இறங்கியது.

“அந்தப் பொண்ணு அவ கூடப்பொறந்தவ மொகத்தப் பாத்து நாலு வருசம் ஆயிப்போச்சி. டாக்டரு வுட மாட்டேன்றாரு.”

“ஏன்? இன்னா தகராறு?” என்று சின்னப்பராஜ் முந்திக்கொண்டார்.

“சகலை வூட்டுப் பந்தியில இவரு சாம்பார்ல மட்டும் முருங்கக்கா வுழல. மரியாத பூட்ச்சின்னு எழுந்து வந்துட்டாரு.”

சின்னப்பராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். “தூ! இவனெல்லாம் டாக்டரா? முருங்கக்காய்க்கு ஒருத்தன் கோச்சிக்கினு வருவானா? பாவம், அந்தப் பொண்ண மொத பஸ்ல கூட்டிக்கினு போவ வாணாம்?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் வளவனூரில், சகலை சவரிநாதன் வீட்டுப் பந்தியில், தன் இலையில் வெறும் எலும்பாய்ப் போட்டார்கள் என்று எழுந்து வந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணனே தீர்ப்பு சொல்லிட்டாரு,” என்றாள் சவுரியம்மாள், கடைசிக் காயை உடைத்துக்கொண்டே. “எல்லாரும் கேட்டுக்கினீங்கல்ல?”

மறுநாள் விதை மண்ணுக்குள் போயிற்று. அடுத்த வாரமே தூறல் விழுந்து வரிசை வரிசையாய் முளை காட்டியது. சின்னப்பராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவியோடு விழுப்புரம் போய், பஸ் ஸ்டாண்டில் தன் கையாலேயே ஒரு மாத நாவல் வாங்கிக் கொடுத்து, வளவனூர் பஸ் ஏறினார்.

அக்காளும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். சவரிநாதன் சட்டையில்லாமல் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை. சின்னப்பராஜுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. எத்தனை லேசாய் முடிந்துவிட்டது! எல்லாம் தன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

சவரிநாதன் அவர் காதோரம் குனிந்தார்.

“சகலை, எங்க வூட்டுக்காரியும் அந்த டாக்டரு கதையச் சொன்னா. அதக் கேட்டுட்டு, நாளைக்கு உங்கூருக்குக் கெளம்புறதா இருந்தேன். இங்க டாக்டரு எலையில வுழாதது அப்பளம். உங்க வூட்டுக் கதையில இன்னா?”