உலகத்தையே தேடிட்டேன் சார்!

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, உலகம் முழுவதையும் ஒரே மத்தியானத்தில் தேடி முடித்தவள் நான். பெருமையாகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

நான் 'கண்டுபிடித்தது' ஒரு தண்ணீர்க் குழாய் முனை. இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளில் உருளைகள் சூடேறாமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். இரும்புத் தூள் வந்து முனையை அடைத்துக்கொள்ளும். என் முனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை என்றால்தான் ஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பு அம்போ.

"வெளிநாட்டுக் காப்புரிமையெல்லாம் தேடிட்டியாம்மா?" என்றார் நெறியாளர்.

"உலகத்தையே தேடிட்டேன் சார்!"

(தேடியது இந்தியத் தளத்தில் மட்டும். அதிலும் முதல் இரண்டு பக்கம். அப்புறம் தூக்கம் வந்துவிட்டது.)

என் நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் ஃபிட்டர். குழு கூடிய அன்று லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லூரி வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டார். திருவள்ளூரில் எங்கள் தெரு முழுக்க அம்மா தண்டோரா போட்டிருந்தாள்: "எங்க பொண்ணு உலகத்துலயே இல்லாத சாமானக் கண்டுபுடிச்சிக்கீறா!"

உள்ளே நான் முழங்கி முடித்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை மடிக்கணினியில் ஏதோ தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். ஜப்பான் காப்புரிமை. பந்து, ஸ்பிரிங், துவாரம் எல்லாம் அச்சு அசல் என் முனை. நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே பதிவானது.

"இது உங்க கண்ணுல படலையாம்மா?"

மூன்று மாதத்தில் புதுத் தலைப்போடு வரச் சொல்லி, அந்தப் படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தார்கள் (நினைவுப் பரிசு!).

வராந்தாவில் அந்தத் தாளை நைனாவிடம் நீட்டி அழுதேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது நம்ம கம்பெனி மிஷின்ல கீதே!"

"நைனா!"

"ஜப்பான்லேர்ந்து பழசா வாங்கினது. அதான் அடைப்பே வராது. பித்தளைத் தகட்டுல பேட்டன்ட் நம்பரு கூட போட்டுக்கீறான். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு வந்து, நீதானே அது மேல சந்தனத்த அப்பிப் பொட்டு வெப்பே?"

"ஏன் நைனா சொல்லல?"

"நீ எல்லாத்தயும் இங்கிலீஷ்லயே சொல்லிக்கினு இருந்தே. பொண்ணு இன்னாவோ பெருசா பண்றான்னு நெனச்சேன்."

அப்போதுதான் நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வேலையைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போய், பல வருடத்துச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அந்தத் தாளில் இருந்த அதே எண். பிறகு வேறு தலைப்பில் பட்டம் வாங்கினேன். இன்று மாணவர்களுக்குக் காப்புரிமை தேடச் சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பு.

என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக வந்து உட்கார்ந்தார். "இந்த மாதிரி புள்ள உலகத்துலயே கெடைக்காது" என்று அம்மா உருகினாள். நைனா சபை கேட்கவே சொன்னார்:

"எதுக்கும் அந்தப் பொட்டத் தொடச்சிட்டுப் பாத்துக்கோம்மா. கீழ நம்பரு கீதோ இன்னாவோ!"

இன்றும் விசேஷ நாட்களில் என் கணவர் பொட்டு வைத்துக்கொள்ளுமுன், நைனாவிடம் போய் வெறும் நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் வருகிறார்.