பதினொரு போனும் ஒரு பெரட்டும்

பதுளை மாவட்டத்தில் எதிர்காலத்தை முதன்முதலில் கண்ணால் கண்டவர், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒரு மனிதர். அதையும் ஒரு பாறை மேல் ஒற்றைக் காலில் நின்றுதான் கண்டார். இதை எந்த மந்திரி மறுத்தாலும் சண்டைக்கு நான் தயார்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து போனவன், கோபம் எப்போதும் மூக்கு நுனியில். இந்த மனிதரை ஊரே ‘சிக்னல் கங்காணி’ என்றது. கங்காணி வேலையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அதட்டலில் நாலு கங்காணிக்குச் சமம்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன அவர் மகள் ஒரு போன் அனுப்பியிருந்தாள். தோட்டத்தில் அதுதான் முதல் போன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் வைத்தால் அது வெறும் கட்டை. மலை உச்சிப் பாறைக்குக் கொண்டுபோய், இடது காலைத் தூக்கி, கழுத்தைப் பசறைப் பக்கம் திருப்பினால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். இந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க மனிதர் மூன்று ஞாயிற்றுக்கிழமை பாறையில் நடனமாடினார். பேய் பிடித்துவிட்டதென்று சொந்தக்காரர்கள் பூசாரியையே கூட்டி வந்துவிட்டார்கள்.

பிறகு இன்னும் பத்துப் போன் வந்தது. பாறையில் கூட்டம் சேர்ந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டை எப்படி நடத்துவார்களோ, அப்படியே அவர் சிக்னலுக்கும் பெரட்டு நடத்தினார்.

“அடுத்த ஆளு! காலத் தூக்கு. அந்தக் கால் இல்ல புள்ள, எடது! மூச்ச விடாத, கோடு ஓடிரும்!”

ஆபீசுக்கு வந்தால் என் வாயைக் கிளறுவார். “கிளாக்கர் ஐயா, பாத்துக்கிட்டே இருங்க. லயத்துக்குள்ள உக்காந்து மொகத்தப் பாத்தே பேசப்போறோம். புள்ளைங்க பரீட்சை ரிசல்ட்டு இந்தப் பெட்டியிலயே வரும். ஒங்க தபால் பை சும்மா தொங்கும்.”

“உமக்கென்ன விசரே? போய் வேலையைப் பாரும்!” என்று எரிந்து விழுவேன்.

மகள் கோல் எடுப்பது வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும். அந்த வீட்டு எஜமானி அன்றைக்குத்தான் விடுவாள். ஒரு ஐப்பசி மழையில் பாறை வழுக்கி, மனிதர் உருண்டு, கால் பிசகி, இரண்டு வெள்ளி மலையேற முடியவில்லை. அப்பா செத்துப்போனார் என்றே அங்கே அந்தப் பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அழுதிருக்கிறாள். அது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வெறி: நம்ம மலையில் டவர் வரவேண்டும். பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கெல்லாம் மனு. எழுதியது யார்? திட்டிக்கொண்டே நான்தான்.

கடைசியில் ஒரு கம்பெனி எஞ்சினியர் வந்தார். டவர் எங்கள் மலைக்கா, டவுனுக்கு அந்தப் பக்கத்து மலைக்கா என்று பார்க்கத்தான் வந்தார். முதல் கேள்வியே, “இங்க எத்தனை போன் இருக்கு?”

“கொறைஞ்சது எரநூறுங்க!” என்றார் நம்மவர், கூசாமல்.

பெரட்டுக் களத்தில் சனம் வரிசையாக நின்றது. எல்லோர் காதிலும் போன். அடடா என்று நானே மலைத்துப்போனேன். எஞ்சினியர் கிட்டே போனார். ஒருத்தி காதில் சவர்க்காரப் பெட்டி. இன்னொருவர் காதில் டீவி ரிமோட். மூன்றாவது அம்மாள் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு, “ஹலோ, நல்லாருக்கீங்களா?” என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

எஞ்சினியர் ஃபைலை மூடினார். “உண்மையா எத்தனை?”

“பதினொண்ணுங்க,” என்றார் சிக்னல் கங்காணி. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

“பதினொரு போனுக்கு யாரும் டவர் போடமாட்டாங்க ஐயா.”

ஜீப் கதவு திறந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனிதர் திடீரெனத் திரும்பி, மலையே அதிரக் கத்தினார்.

“போன் உள்ள பதினொரு ஆளும் முன்னுக்கு வா! யாருக்கு எந்தப் போனுல கோல் வருதோ, அந்தப் போனுக்குப் பின்னால நில்லு!”

சனம் நகர்ந்தது. பதினொரு வரிசை. மகள் டுபாயில் இருக்கிற தாய், மகன் கொழும்புக் கடையில் நிற்கிற தகப்பன், பெண்சாதி லெபனானில் இருக்கிறவன், கைக்குழந்தையோடு. சிக்னல் கங்காணியின் வரிசை மட்டும் களத்தைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஃபெக்டரி கேட் வரைக்கும் போனது.

“போன எண்ணாதீங்கய்யா,” என்றார் அவர். “காத எண்ணுங்க.”

எஞ்சினியர் எண்ணத் தொடங்கினார். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் போனில் சொந்தக் கதை பேசக்கூடாதென்பது அவர் கட்டளை. கனடாவிலிருக்கும் என் தம்பியும் சிக்னல் கங்காணியின் அந்தக் கட்டைப் போனுக்குத்தான் கோல் எடுப்பான். ஊருக்குத் தெரியாமல் நானும் பாறையேறிக் காலைத் தூக்கியவன்தான். வெட்கத்தை விட்டேன். நடந்துபோய் அந்த வரிசையின் கடைசியில் நின்றேன்.

“கிளாக்கர் ஐயாவுமா!” என்று சனம் ஓவென்று கத்தியது. எஞ்சினியர் சிரித்துவிட்டு, என்னையும் சேர்த்து எழுதினார்.

டவர் எங்கள் மலைக்கே வந்தது. வேலை செய்யத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை கொட்டுமழை. லய வாசலில் தோட்டமே குவிந்து நிற்க, போன் அடித்தது.

“அப்பா, நனையிறீங்களா?”

“இல்லம்மா. வீட்டுல இருக்கேன். அடுப்புக்கிட்ட உக்காந்துதான் பேசுறேன்.”

அந்தப் பக்கம் அவள் விசும்புவது வாசல் வரைக்கும் கேட்டது. இந்தப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். மழையில் பாதி நமுத்துப்போயிற்று. மீதியே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை மனிதர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, தொழிலாளிகள் உள்ளே வராமல் எப்போதும் நிற்கிற இடத்தில், தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நன்றி சொல்ல வந்தாராம்.

“அங்க நிண்டு என்ன செய்யிறீர்? உள்ளுக்கு வாரும்,” என்று எரிந்து விழுந்தேன். நான் உட்காரும் கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.