கத்தரிச்செடிக்கு மரியாதை கொடுத்த டேங்கர்

மழை வேண்டும் என்று கும்பிட்ட தண்ணீர் வியாபாரி இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அதுவும் எங்கள் சிவகாசியில், வெடிக்காரர்கள் அத்தனை பேரும் மழை வரக்கூடாது என்று கும்பிடுகிற ஊரில். பேர் தெரியாது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்ததால் டேங்கர்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாயில்பட்டியில் திரி சுற்றி, பிறகு சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி கட்டி, இருநூறு பேருக்கு வேலை கொடுத்தவன். மூன்று வருஷம் முன்பு மகன் பொறுப்பை வாங்கிக்கொண்டான். மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். எட்டு அறை வீட்டில் ஒரே ஆள். கம்பெனி கட்டியவனுக்குக் கத்தரிச்செடி எம்மாத்திரம் என்று பின்வாசலில் நாற்பது நாற்று நட்டேன்.

செவ்வாய்க்கிழமை தொட்டிக்குத் தண்ணீர் விட வந்த டேங்கர் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, செடி நட்டிருக்கியா, சரவெடி கோத்திருக்கியா? மூச்சு விட எடம் வேண்டாமா?"

ஊரே முதலாளி என்கிற என்னை ஏலே என்றார். இரண்டு வயது மூத்தவராம்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும். கத்தரியக் கொல்லப் பாக்குற ஆளு."

ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கித் தள்ளி நடவைத்தார். பிறகு குழாயைப் பிடித்தபடி செடிகளிடம், "குடிச்சீகளா? இவன் புதுசு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார். மரியாதையெல்லாம் செடிக்குத்தான். ஒன்று பட்டுப்போனபோது, தன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு என்னை அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கேட்காவிட்டால் அடுத்த செவ்வாய் வராமல் போய்விடுவாரோ என்று பயம். வாரத்தில் என் வீட்டில் இன்னொரு குரல் கேட்பது அந்த ஒரு நாள்தான்.

பூ வைத்த வாரம், ஒரு செவ்வாய் மத்தியானம் மேகம் கறுத்தது. ஓடினேன். தார்ப்பாயை இழுத்துப் பாத்தியை மூலைக்கு மூலை மூடி, கல் வைத்து, கொட்டுகிற மழையில் காவல் நின்றேன். லாரி வந்தது.

"என்னலே பண்ணுற?"

"சரக்கு நனைஞ்சிரும்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காயப்போட்ட வெடியை ஐம்பது வருஷம் ஓடி ஓடி மூடிய கை. டேங்கர் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு தார்ப்பாயை உருவிவிட்டு, "இப்பக் குடிங்க தாயி" என்றார் செடிகளிடம்.

"மாடித் தண்ணி விழுந்து தொட்டி நெறஞ்சிருச்சுலே. பதினஞ்சு நாளைக்கு எனக்கு இங்கன சோலி இல்ல" என்று சந்தோஷமாகக் கிளம்பினார். சரக்கைக் கெடுக்கிறது என்று ஆயுள் முழுக்க மழையைத் திட்டியிருக்கிறேன். அன்று வேறு காரணத்துக்காகத் திட்டினேன்.

அடுத்த செவ்வாய் போன் போட்டு ஒரு லோடு சொன்னேன். வந்தவர் தளும்பி நின்ற தொட்டியைப் பார்த்தார்.

"இத எங்கனலே ஊத்த?"

"மொதல்ல காப்பி குடிங்க அண்ணாச்சி. பெறகு பாப்போம்."

இஞ்சினை அணைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க செவ்வாய்தோறும் லோடு நிறைந்தே வந்து, நிறைந்தே போனது.

இப்போது லாரியை விற்றுவிட்டுக் காரியாபட்டியில் மகளோடு இருக்கிறார். செடிகளிடம் குடிச்சீகளா என்று நான்தான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை தெருவில் ஏதாவது லாரி திரும்பினால், ஏலே என்று சத்தம் வருமா என்று வாசலில் போய் நிற்கிறேன்.