டெல்மர் குழாய் நீவிய கதை

உங்களைச் சிரிக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. சிரிப்பு ஒரு பித்தளை உருண்டைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. டெல்மர் அதைத் தூக்குகிற வரைக்கும் பொறுத்திருங்கள். நடுவில் லேசாகப் பல் தெரிந்தால் பரவாயில்லை.

டெல்மர் நெப்ராஸ்காவில் டிராக்டர் விற்று ஓய்வுபெற்றவர். காதலைச் சொன்னாலும் பக்கத்தில் ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருப்பது போலத்தான் கத்திச் சொல்வார். பனி விழ ஆரம்பித்தால் போதும், மனைவி லூவானை ஏற்றிக்கொண்டு வண்டிவீட்டைக் கிளப்பி, வெயில் அடிக்கிற அரிசோனாவில் இப்படிப்பட்ட வண்டிகள் கூடுகிற ஒரு முகாமுக்கு வந்துவிடுவார். கட்டில், அடுப்பு, குளியலறை, சண்டை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே அடக்கம்.

அந்த வீட்டில் ஒரே சட்டம். சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். கல்யாணமான புதிதில் டெல்மரே போட்ட சட்டம். நியாயமான மனுஷன் என்று பேரெடுக்க ஆசைப்பட்டார். எடுத்தார். அன்றிலிருந்து கழுவிக்கொண்டிருக்கிறார்.

லூவானின் கைப்பக்குவம் சீஸ் போட்டுச் சுட்ட நூடுல்ஸ். வாயில் கரையும். பாத்திரத்தில் கரையாது. வண்டிவீட்டின் கழுவுதொட்டியோ டெல்மரின் தொப்பி அளவுதான். முழங்கை நுழைந்தால் பாத்திரம் நுழையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உளியால் செதுக்குவது போல சீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. கழுவாமல் தப்பிக்க ஒரே வழி, சமைப்பது!

மறுநாளே கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு கிரில் அடுப்பு வாங்கினார். கூடவே நீளமான ரப்பர் குழாய். வண்டியின் வயிற்றுப் பக்கம், சக்கரத்துக்கு மேலே, காஸ் வருகிற வாய் ஒன்று உண்டு. குழாயை அதில் செருகினால் அடுப்புக்குத் தனிச் சிலிண்டரே வேண்டாம்.

"லூவான்! வெளிய வா! கிளைட், நீயும் வா, நீதான் சாட்சி!"

கிளைட் பக்கத்து வண்டிக்காரர். சிரித்தால் குளிரில் கிளம்பாத எஞ்சின் மாதிரி "ஹெ-ஹெ-ஹெ-ஹெ" என்று இழுக்கும், பற்றாது. நாற்காலியோடு வந்து சேர்ந்தார்.

"இந்த அடுப்பு எரிஞ்சதுன்னா, அந்த நிமிஷத்துலேர்ந்து சமையல் என்னுது, பாத்திரம் உன்னுது. ஏப்ரல்ல ஊருக்குக் கிளம்புற வரைக்கும்! சம்மதமா?"

லூவானுடைய குரல் சுடுதோசையில் வைத்த வெண்ணெய். சத்தமே இல்லாமல் எல்லாப் பக்கமும் பரவிவிடும். "மூணு வேளையுமா ராசா?"

"நாலு வேளைன்னாலும் நான் ரெடி!"

"அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"டிராக்டர் வித்தவன் பேச்சு மாற மாட்டான்!"

"அப்ப கையக் குடு."

டக்கென்று கையை நீட்டினாள். இவ்வளவு சுருக்காகக் கைநீட்டுகிற மனைவியைக் கண்டால் எவனும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். டெல்மர் விற்பனைக்காரர். கை கிடைத்தால் குலுக்கித்தான் பழக்கம்.

உடனே வேலை ஆரம்பித்தது. குழாயின் ஒரு முனை வண்டி வாயில், க்ளிக். மறுமுனை அடுப்பு மூக்கில் இருந்த பித்தளை ரெகுலேட்டரில், திருகு திருகென்று திருகு.

"லூவான், சோப்புத் தண்ணி கொண்டா! காஸ் கசியுதான்னு பாக்கணும்!"

"கழுவுறதுலேர்ந்து தப்பிக்கக்கூட உனக்குச் சோப்புதான் வேண்டியிருக்கு, பாத்தியா?"

இணைப்பெல்லாம் நுரை தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வைத் திறந்தார். மார்பை விரித்தார். பொத்தானை அமுக்கினார். டிக். டிக். டிக்.

சுடர் வந்தது. அதாவது, வந்தது என்று டெல்மர் சொன்னார். மற்றவர்கள் குனிந்து தேடினார்கள்.

"டெல்மர்," என்றார் கிளைட், "யாருக்குய்யா பிறந்தநாள்? ஊதி அணைச்சிரவா? ஹெ-ஹெ-ஹெ-ஹெ!"

"சூடாக நேரம் எடுக்கும்! நீ எட்டிப் போய் உக்காரு!"

பர்கருக்குத் தட்டிய கறியைக் கம்பிமேல் வைத்தார். ஒரு பாட்டம் உலக நடப்புப் பேசி முடித்தார்கள். கறி அப்படியே, வைத்த கோலத்தில், வெட்கப்பட்டுச் சிவந்திருந்தது.

லூவான் விரலால் தொட்டுப் பார்த்தாள். கோழிப்பண்ணையில் வளர்ந்தவள் அவள். குஞ்சுகளுக்குக் காஸ் அடுப்பில் கதகதப்பு ஏற்றுவதுதான் சின்ன வயதில் அவள் வேலை. "இந்தச் சூட்டுல கோழிக்குஞ்சுகூட ஸ்வெட்டர் கேக்கும். டெல்மர், இது வேகல. வெயில் காயுது."

"காத்து அடிக்குது!"

"இல்லய்யா," என்றார் கிளைட். "வண்டிக்குள்ளயே ஒரு ரெகுலேட்டர் இருக்கு. அது ஏற்கெனவே காஸை அடக்கித்தான் வெளிய விடுது. உன் அடுப்பு மூக்குல இன்னொண்ணு தொங்குது. ரெண்டும் சேந்து அடக்கினா பாவம் காஸ் என்ன செய்யும்?"

"ரெண்டு இருந்தா ரெட்டைப் பாதுகாப்பு! காஸைப் பத்தி எனக்கே பாடமா? காத்துதான் காரணம். மறைக்க ஒரு தகரம் வச்சா எப்படி எரியுதுன்னு பாரு!"

வால்வை மூடிவிட்டு, தகரம் தேடி முகாமின் அந்தக் கோடிக்குப் போனார் டெல்மர். போகிற வழியெல்லாம் பயம்தான். அடுப்பு எரியாவிட்டால்? ஏப்ரல் வரைக்கும் சீஸ். அதுவும் கிளைட் சாட்சியாக. முழங்கை வரைக்கும் நுரையோடு அவர் நிற்க, ஜன்னல் வழியாக அந்த எஞ்சின் "ஹெ-ஹெ-ஹெ" என்று இழுக்கும்.

தகரத்தோடு திரும்பியபோது லூவான் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கிண்ணம் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது. ஸ்பானர் ஒன்று நாற்காலியில் கிடந்தது. டெல்மர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். மூச்சு விடாதீர்கள்.

"ஏன் ராசா," என்றாள் லூவான், "குழாய் முறுக்கிக்கிட்டு இருக்குமோ?"

டெல்மர் குழாயைப் பார்த்தார். அட, ஆமாம்! அவரே கண்டுபிடித்தது போல முகம் மலர்ந்தது. மண்டியிட்டார். பிரசவ வலியில் கிடக்கிற மாட்டுக்கு வயிறு தடவுகிற மாதிரி, குழாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீவிவிட்டார். காதில் ஏதோ இரண்டு வார்த்தையும் சொன்னார். குழாய்க்குக் காது எங்கே என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருந்தது.

வால்வைத் திறந்தார். டிக்.

புஸ்ஸ்ஸ்... வூஃப்!

தொப்பியின் முன்பக்கம் பொசுங்கியது. புருவம் அரையங்குலத்தில் தப்பியது. அடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீலச் சுடர் வரிசைகட்டி நின்று சீறியது.

"பாத்தியா! பாத்தியா! குழாய்க்குள்ள காஸ் சோம்பிப் படுத்துக்கிடந்துச்சு! தட்டிக்குடுத்து எழுப்பிட்டேன்!"

"எங்கப்பாகூடக் கோழிப்பண்ணையில இப்படிச் செஞ்சதில்ல," என்றாள் லூவான், கண்ணை அகல விரித்து.

"உங்கப்பாவுக்கு ஏது இந்தக் கை?"

கறி சுருசுருவென்று வெந்தது. சோளக்கதிர் பொரிந்தது. வாசனை பிடித்து முகாமே வந்து சூழ்ந்தது. டெல்மர் கரண்டியை ஆட்டி ஆட்டிக் குழாய் வைத்தியம் பற்றிப் பிரசங்கம் செய்தார். மெதுவாக நீவ வேண்டும். காஸ் வருகிற திசையிலேயே நீவ வேண்டும். எதிர்த்திசையில் நீவினால் அதற்குக் கோபம் வரும். பின்வரிசை வண்டிக்காரர் ஒருவர் தன் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

"கொஞ்சம் பாத்து நீவி விடுங்க. ரொம்ப நாளா மந்தமா இருக்கு."

"குடு, குடு."

"குழாயின்னா மணிக்கணக்கா நீவு," என்றாள் லூவான். "என் முதுகுன்னா மட்டும் உனக்கு மணிக்கட்டு வலிக்கும்."

கிளைட் மட்டும் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தொப்பி குலுங்கிக்கொண்டிருந்தது. பொறாமையில் அழுகிறான் பாவம் என்று டெல்மர் பெரிய மனதோடு அவருக்கு இன்னொரு கதிர் வைத்தார்.

சுட்டு முடித்ததும் கரண்டியைச் செங்கோல் மாதிரி உயர்த்தினார்.

"லூவான்! சமையல் முடிஞ்சது! இனிமே பாத்திரம் உன் பாடு!"

"சட்டம்னா சட்டம்தான். கழுவவேண்டியது எதுன்னாலும் குடு, கழுவுறேன். இந்தக் கம்பி, கொழுப்பு, கரியெல்லாம் அடுப்போட உடம்பு. அது பாத்திரம் இல்ல, அத நீயே தேச்சுக்க. காலையில முட்டை எத்தனை மணிக்கு?"

"என்ன முட்டை?"

"மூணு வேளை. நீதானே சொன்ன. நாலுன்னாகூட ரெடின்ன."

டெல்மரின் டிராக்டர் முதல்முறையாகக் கியர் தடுமாறியது. "அ... அத அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் பசியா நிக்கிறாங்க. தட்டு எங்க?"

"அந்த மேஜையில, துணிக்கு அடியில. தட்டுக்குத் தட்டுப்பாடே இல்ல ராசா. நீ அடுப்பு வாங்கக் கிளம்பினப்பவே ஏப்ரல் வரைக்கும் வாங்கி வச்சாச்சு."

வாங்கியாச்சா? பீங்கான் தட்டை யாராவது ஏப்ரல் வரைக்கும் வாங்குவார்களா? டெல்மர் மேஜைக்குப் போனார். பாலைவனக் காற்று துணியின் ஓரத்தைப் படபடவென்று அடித்தது. துணி பறக்காமலிருக்க அதன்மேல் கனமாக, உருண்டையாக, பித்தளையில் ஏதோ ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கினார். துணி விலகியது. அடியில் தூண் தூணாக, முழங்கால் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று காகிதத் தட்டுகள். தின்றுவிட்டுக் குப்பையில் போடுகிற தட்டுகள். உலகத்தில் யாருமே கழுவாத தட்டுகள்.

மேல்தட்டு ஒன்று எழும்பிப் பறந்து கிளைட்டின் மடியில் போய் இறங்கியது. அந்த எஞ்சின் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓடியது.

டெல்மர் கையிலிருந்த பித்தளையைப் பார்த்தார். அடுப்பின் மூக்கைப் பார்த்தார். முதலில் உருண்டையாக ஒரு ரெகுலேட்டர் தொங்கிய இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இணைப்பு மட்டும், காய்ந்த சோப்பு நுரையோடு. நீவிய தன் இரண்டு கைகளையும் பார்த்தார். கடைசியாக லூவானைப் பார்த்தார். அவள் அவருடைய நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரெகுலேட்டர மறுபடி மேல வை ராசா," என்றாள். "தட்டு பறக்குது."