எட்டில் ஒரு பொய்

பனியன் போட்ட எந்த மனிதனும் எங்கள் ஸ்டிக்கர்காரர் முன்னால் நிம்மதியாக நின்றதில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. நான் அலுவலகத்தில், அவர் செக்கிங்கில். தைத்து வரும் துணியில் ஓட்டையோ அழுக்கோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவர் கை துணியோடு நிற்கவில்லை.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தபோது, "தப்பா நெனைச்சுக்காதீங்க சார், காலர் கால் இஞ்ச் எறங்கியிருக்குதுங்க" என்று அந்தப் பையர் போட்டிருந்த சட்டையிலேயே அம்பை ஒட்டினார். முதலாளிக்கு ஏசி அறையில் வியர்த்தது.

கேண்டீன் தோசையில் ஒட்டினார். "ஓட்டைங்க அக்கா."

"ஓட்டை இல்லாட்டி அதுக்குப் பேரு தோசையா சாமி?" என்றாள் கேண்டீன்காரி.

நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு ஓட்டைகள்.

இப்படி எட்டுச் சம்பவங்களைக் கோத்து இதே பத்திரிகையில் எழுதினேன். ஏழு உண்மை. எட்டாவது, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் கன்னத்திலேயே அம்பை ஒட்டினார் என்பது. அது நான் சிரிப்புக்காகச் செய்தது. கம்பெனியே அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

மறுநாள் பத்திரிகையோடு வந்தார். எட்டாவது சம்பவத்தின் மேல் ஒரு சிவப்பு அம்பு.

"ஏனுங்க, இது எப்பங்க நடந்துச்சு?"

"சும்மா தமாஷுக்குங்க. உங்க பேரைக்கூடப் போடலையே."

"ஸ்டிக்கர்காரன்னா திருப்பூருக்கே நான் ஒருத்தன்தானுங்க."

"மத்த ஏழும் நெசம்தானே?"

"ஒரு பீஸ் தப்பாப் போனா மொத்த லாட்டும் திரும்பி வந்துருமுங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மனைவிக்குச் சிறு வயதில் வெந்நீர் கொட்டி வலது கன்னம் முழுக்கத் தழும்பு. "கல்யாணமாகி இருபது வருஷம். அதைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. இப்ப, 'உங்க மனசுல இருந்ததைத்தான் அவருகிட்டச் சொன்னீங்களா'ன்னு கேக்கறா. அது பொய்யின்னு நீங்களே எழுதிப் போட்டுருங்க."

அந்த அம்மா தினமும் மதியம் கம்பெனி கேட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவார். தூக்குக்கு மூன்று அடுக்கு என்று எண்ணி வைத்திருந்த நான், முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் எழுதிடறேனுங்க" என்றேன். எழுதவில்லை. பொய் எழுதியவன் என்று தெரிந்தால் என் பேர் என்ன ஆகும் என்ற கவலை. பதினோரு வாரம் அதையே சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஸ்டிக்கர்காரர் கேண்டீனில் தோசையை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். என் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்த அன்றுகூட, பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். பன்னிரண்டாவது வாரம் கணக்கை முடித்துக்கொண்டு மனைவியோடு சொந்த ஊரான மடத்துக்குளத்துக்கே போய்விட்டார்.

போன மாதம் அவர் காலமான செய்தி வந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்: அம்மா, எட்டாவது சம்பவம் நடக்கவே இல்லை. எல்லாவற்றிலும் குறை கண்ட அந்த மனிதர் உங்களைப் பற்றி ஒரு குறையும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பழைய பிரதி என்னிடம் இருக்கிறது. பசை காய்ந்து, அம்பு இரண்டு முறை உதிர்ந்துவிட்டது. இரண்டு முறையும் அதே இடத்தில் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.